போடிக்குப் போகும் ஏலக்காய்க்கு எந்த வரி?

தங்கச்சி, சாந்தன்பாறையில் உட்கார்ந்து ஆன்லைனில் ஏலக்காய் விற்கிறாய், சந்தோஷம். கடையையும் கணக்கு சாஃப்ட்வேரையும் இணைத்தாயிற்று, இனி தானாக ஓடும் என்று மட்டும் இருந்துவிடாதே. தப்பாக இணைத்தால் தப்பும் தானாகத்தான் ஓடும்.

1. மாநிலத்தைப் பார். மலை இறங்கினால் போடிதான், நமக்கு அது வேற்றூரே இல்லை. ஆனால் ஜிஎஸ்டி மாநிலக் குறியீட்டில் நாம் 32, அவர்கள் 33. பார்சல் போடிக்குப் போனால் ஐஜிஎஸ்டி 5 சதவீதம். தொடுபுழாவுக்குப் போனால் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5. பொருள் போய்ச் சேரும் முகவரிதான் கணக்கு. "தொகை ஒன்றுதானே அக்கா" என்காதே. வரித் தலைப்பு மாறினால் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திருப்பிக் கேட்டு அலையணும்.

2. பேங்குக்கு வந்ததை விற்பனை என்று எழுதாதே. அதிகம் பேர் விழுகிற குழி இதுதான். 8 எம்எம் காய் ஒரு பாக்கெட் வரியோடு 1,050 ரூபாய்க்குப் போகிறது என்று வை. விலை 1,000, வரி 50. விற்றுக்கொடுக்கும் தளம் கமிஷன் 100, அதற்கு ஜிஎஸ்டி 18, டிசிஎஸ் (தளமே பிடித்துக் கட்டும் வரி) 5 ரூபாய் பிடித்தால் உன் கைக்கு 927 வரும். விற்பனை 1,000தான், 927 இல்லை! அந்த 18 உள்ளீட்டு வரியாகக் கழியும். அதற்கு உன் ஜிஎஸ்டி எண்ணைத் தளத்தில் கொடுத்திருக்கணும். டிசிஎஸ் 5 ரூபாயை ஜிஎஸ்டி போர்ட்டலில் நீயே ஏற்றுக்கொள்ளணும். டிசிஎஸ் 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம், சாஃப்ட்வேரில் இன்னும் 1 என்று கிடந்தால் மாற்று.

3. ஹோம்மேட் சாக்லேட்டும் விற்கிறாயா? 2025 செப்டம்பர் 22 முதல் அது 18லிருந்து 5 ஆகிவிட்டது. கடைப் பக்கம், சாஃப்ட்வேர் இரண்டிலும் மாற்று.

4. இணைத்த பிறகு எக்செல் ஷீட்டையும் ஏற்றாதே. ஒரே பில் இரண்டு தடவை விழும்.

5. ரிட்டர்ன் வந்தால் பில்லை அழிக்காதே, கிரெடிட் நோட் போடு.

மாதாமாதம் தாக்கல் செய்கிறவள் என்றால் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20. நீ 5ஆம் தேதியே பத்து ஆர்டரை எடுத்து, கையால் சரிபார்த்துவிடு. 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வட்டி தனி.