வீட்டின் வடிவமும் ராக்குளிரும்



லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீட்டுக்குப் போனவர்களில் சிலர், ராத்திரியில் முன்னைவிடக் கூடக் குளிர்வதாக நம்மிடம் சொல்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் வீட்டின் வடிவம். வீடு கட்ட, குசினி இறக்க நினைப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கொழுந்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறி, இலை சிவந்து கெட்டுப்போகும். அதையே ஸ்டோரில் பரப்பிப் போட்டால் சூடு தங்காது. கொழுந்து அதேதான். காற்றுப் படுகிற மேற்பரப்புத்தான் கூடியது. வீடும் அப்படியே. வெளிக்காற்றுப் படுகிற சுவரும் கூரையும் கூடக்கூட, ராவில் சூடு வெளியே போவதும் கூடும்.

லயத்தில் நடுக் காம்பராவுக்கு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கடைசிக் காம்பராவுக்கு ஒரு பக்கம் வெளிச்சுவர். அதனால்தான் கடைசிக் காம்பராவில் குளிர் கூட. தனி வீட்டுக்கோ நாலு பக்கமும் வெளிச்சுவர்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்க. 20 அடிக்கு 20 அடி வீடு 400 சதுர அடி. சுற்றுச் சுவர் 80 அடி. 40 அடிக்கு 10 அடி வீடும் அதே 400 சதுர அடிதான். ஆனால் சுற்றுச் சுவர் 100 அடி. சுவர் 9 அடி உயரம் என்றால், நீள வீட்டில் 180 சதுர அடி வெளிச்சுவர் கூட. குளிரும் கூட, கல்லு சீமெந்துச் செலவும் கூட.

ஆகவே நுவரெலியா போன்ற குளிர் பக்கத்தில்:

1. வீட்டைச் சதுரமாக, அடக்கமாகக் கட்டுங்க.

2. 10 அடிக்கு 10 அடி குசினியைத் தனியே நீட்டி இறக்கினால் 20 அடி வெளிச்சுவர் கூடும். வீட்டில் உள்மடிந்த மூலை இருந்தால் அதில் பொருத்துங்க. வெளிச்சுவர் கூடாது.

3. தகரக் கூரை வழியாகவும் நிறையச் சூடு போகும். கையில் காசு இருந்தால் முதலில் சீலிங் அடியுங்க.

இரத்தினபுரி, காலி பக்கத்துத் தோட்டங்களில் வெக்கைதான் தொல்லை. அங்கே நீள வீடே நல்லது. நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். காலை, மாலை வெயில் சாய்ந்து அடிக்கிற கிழக்கு, மேற்குச் சுவர்கள் சிறுசாக இருக்கட்டும். எதிரும் புதிருமாக ஜன்னல் வைத்தால் காற்று ஓடும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். குளிருக்குப் பயந்து புகைபோக்கியையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு விறகடுப்பு எரிக்காதீங்க. அடைபட்ட புகை பிள்ளைகளுக்கு இருமலைக் கொடுக்கும், உயிரையும் எடுக்கும்.

அத்திவாரம் வெட்டிய பிறகு வடிவத்தை மாற்றுவது லேசான வேலை இல்லை. வெட்டுமுன் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து, ஒரு தாளில் கீறிப் பார்த்து, வெளிச்சுவரை அடிக்கணக்கில் எண்ணுங்க. அந்தத் தாளை எடுத்து வந்தால் நாங்களும் கூட இருந்து பார்க்கிறோம்.