கேட்டவரின் பொறுப்பு

2020 மார்ச் மாதம், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாட்கள். எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள உணவுக்கடை ஒன்றில் நோய்த்தொற்று கண்டதாக ஒரு குரல்பதிவு புலனத்தில் வந்தது. சாச்சி அனுப்பியிருந்தார். பேசியவர் யாரென்று அவருக்கும் தெரியாது. எச்சரிக்கைதானே என்று எண்ணி, நான் அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். செய்தி பொய். மறுப்பு எழுதி வாசலில் ஒட்டிய பிறகும், பொட்டலம் வாங்கக்கூட அந்தக் கடைக்குப் பல வாரங்கள் ஆள் வரவில்லை.

பொய்யை உருவாக்கியவன் நானல்லன். அப்படியானால் என் பங்கு என்ன? இந்தக் கேள்விதான் என்னைத் திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம், 6-ஆம் வசனத்திற்குக் கொண்டுசென்றது. தீயவர் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்க வேண்டும், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்த நேரிடும் என்பது அதன் கருத்து. ஸகாத் வசூலிக்க பனூ முஸ்தலிக் குலத்தாரிடம் அனுப்பப்பட்ட வலீத் பின் உக்பா பாதியில் திரும்பி, அவர்கள் தர மறுத்ததாகச் சொன்னதே இதன் பின்னணி என விரிவுரையாளர் பலர் எழுதுகின்றனர். உண்மையில் அவர்கள் வரவேற்கவே புறப்பட்டிருந்தார்கள். விசாரித்திராவிட்டால் போரே மூண்டிருக்கும். வசனம் செய்தி சொன்னவரை நோக்கிப் பேசவில்லை, கேட்டவர்களை நோக்கியே பேசுகிறது என்பதைக் கவனியுங்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிபவரையும் பொய்யர் கணக்கில் சேர்க்கும் நபிமொழி ஒன்றை இமாம் முஸ்லிம் தம் தொகுப்பின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்.

இமாம் புகாரி (810–870) போன்றோர் ஹதீஸ்களைத் தொகுத்த முறையும் இங்கே நினைக்கத்தக்கது. யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர் முழுவதும் பெயர் பெயராக வேண்டும். ஒவ்வொருவரின் நேர்மை, நினைவாற்றல், இருவரும் சந்தித்திருக்க இயலுமா என்பதெல்லாம் ஆராயப்பட்டன. ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் செய்தி பலவீனமானதே. புலனம் செய்வது இதற்கு நேர்மாறு. பலமுறை பகிரப்பட்டது என்று ஓர் இரட்டை அம்புக்குறி காட்டும். யார் பகிர்ந்தார்கள் என்று காட்டாது. 2020 ஏப்ரலில் அத்தகைய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். வேகம் குறைந்திருக்கலாம், பெயர் வரவில்லையே!

செய்தி மெய்யாக இருந்தால் பரப்பலாமா? அதற்கும் தடை உண்டு. ஒருவரிடம் உள்ள குறையை அவர் இல்லாத இடத்தில் பேசுவது புறம், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்று நபிகள் நாயகம் (ஸல்) பிரித்துக் காட்டினார்கள்.

சாச்சியிடம் ஆறு மாதம் நான் பேசவில்லை. பிறகுதான் மிஸ்தஹ் என்பவரின் கதையைப் படித்தேன். அன்னை ஆயிஷா (ரலி) மீதான அவதூறைப் பரப்பியவர்களுள் அவரும் ஒருவர், அபூபக்ரின் (ரலி) உறவினர், அவரது உதவியில் வாழ்ந்த ஏழை. மகள்மீது பழி சுமத்தியவருக்கு இனி உதவுவதில்லை என்று அபூபக்ர் சத்தியம் செய்தார். மன்னிக்கும்படி வசனம் (24:22) இறங்கியது, உதவியும் தொடர்ந்தது.

மூன்று குழுக்களுக்கும் திருத்தம் அனுப்பினேன், அன்று அனுப்பியது நான்தான் என்று என் பெயரைப் போட்டு. பிறகு சாச்சியை அழைத்தேன். கடைக்காரரை நேரில் பார்த்துச் சொல்லத்தான் இன்னும் சில நாள் பிடித்தது.