படம் காட்டும் வட்டிக் கணக்கு

நமது ஊத்துக்குளிப் பகுதியில் தறி நெய்வோரும் நிலம் உழுவோரும் கண்ணால் கணக்கறிபவர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி உடனே காண்கிறார். இலை வெளுத்தால் உழவர் பயிரின் பசியை அறிகிறார். ஆயினும், கடன் பத்திரத்தில் உள்ள குறை மட்டும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பணம் செல்லும் வழியைக் கண்ணுக்குத் தெரியுமாறு செய்த ஓவியர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய இரண்டு படங்களைக் கொண்டு நமது கணக்கை ஆராய்வதே இம்மாதப் பாடம்.

1. திருநெல்வேலிப் படம்

2017 அக்டோபர் 23-ஆம் நாள், கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு குடும்பத்தினர், சிறு குழந்தைகள் இருவர் உட்பட நால்வர், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தீக்காயமுற்று, பின் மாண்டனர். இத்தனைக்கும், 2003-ஆம் ஆண்டிலேயே அதிக வட்டி வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை அச்சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. மீறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் ஏட்டில் இருந்தது. காப்பு வீட்டை எட்டவில்லை.

அத்துயரை ஒட்டி, ஜி. பாலா என்னும் சித்திரக்காரர் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். தரையில் ஒரு குழந்தை எரிந்து கிடக்க, முதலமைச்சரும் மாவட்ட ஆட்சியரும் போலீஸ் கமிஷனரும் ஆடையின்றி நின்று, பணக்கட்டுகளால் தம்மை மறைத்துக்கொள்வதாக அச்சித்திரம் அமைந்தது. நவம்பர் 5-ஆம் நாள் அவர் சென்னையில் கைது செய்யப்பட்டு, மறுநாள் ஜாமீனில் விடப்பட்டார். 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வழக்கை ரத்து செய்தது. படத்தின் முறை பற்றிக் கருத்து வேறுபடுவோர் இருக்கலாம். அது எழுப்பிய வினா, காக்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதே. அவ்வினா இன்றும் நிற்கிறது.

2. நியூயார்க் படம்

முதற்படம் மனிதர்களைச் சுட்டியது. இரண்டாவது படமோ ஓர் ஏற்பாட்டையே சுட்டுகிறது. 1929-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கிற்று. 1931-32-இல் மெக்ஸிகோ நாட்டு ஓவியர் டியேகோ ரிவேரா, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கண்காட்சிக்காகச் சுதையின்மேல் ஒரு படம் தீட்டினார். ‘முடங்கிய சொத்து’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம்.

அப்படம் மூன்று அடுக்கு கொண்டது. மேலே, வானளாவிய மாளிகைகள். நடுவே, ஒரு பெரிய கொட்டகை. அதனுள் வீடற்ற மக்கள் வரிசை வரிசையாக உறங்க, காவலன் ஒருவன் நிற்கிறான். அடியில், வங்கியின் பாதுகாப்பு அறை; தம் செல்வத்தைப் பார்வையிடச் சிலர் அங்கே காத்திருக்கின்றனர். கட்டடம் இருக்கிறது, பணமும் இருக்கிறது, இடையில் மனிதன் தரையில் கிடக்கிறான். பணம் இல்லாமையால் அன்று, அது தேவையுள்ள இடத்துக்குப் போகாமையால் வந்த வறுமை இது என்பதை எழுத்தறியாதவரும் ஒரு நொடியில் உணர்வர்.

3. நாம் வரைய வேண்டிய படம்

இனி நம் வீட்டுக் கணக்கிற்கு வருவோம். பாவு நூல் வாங்க ஒருவர் 10,000 ரூபாய் தண்டல் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயே கையில் தரப்படுகிறது. நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று அவர் எண்ணுகிறார். ஆனால், முதல் நாள் தொட்டே அசல் குறைந்துகொண்டு வருகிறது. முழுத் தொகை நூறு நாளும் அவர் கையில் இல்லை. அதைக் கருதிக் கணக்கிட்டால், ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 121 வட்டியாகிறது! பத்திரம் பதினைந்து என்கிறது, உண்மை நூற்றிருபத்தொன்று.

இதைக் கண்டு தண்டல்காரரை மட்டும் பழிப்பது எளிது. ரிவேராவின் படத்தை நம் சங்கத்தின் சுவரில் மாட்டியதாக எண்ணிப் பார்ப்போம். உறுப்பினர் இட்ட வைப்புத்தொகை பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதே நேரத்தில், விண்ணப்பம் மேசையில் கிடப்பதாலோ, ஜாமீன்தாரர் கிடைக்காமையாலோ, ஒரு சிறு தறிக்காரர் தண்டலுக்குப் போகிறார். அவ்வாறாயின், அம்மூன்றடுக்குப் படம் நம்முடையதும் ஆகும்.

ஓவியர் குறையைச் சுட்டுவார். கணக்கைத் திருத்த அவரால் இயலாது. அது பொதுக்குழுவில் கை உயர்த்தும் உறுப்பினரின் கடமை. கையொப்பமிடுமுன், கைக்கு வந்தது எவ்வளவு, கட்டப்போவது எவ்வளவு, எத்தனை நாளில் என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதுவே நாம் வரையும் படம்.

படிப்பு வட்டத்தில் ஆராய:

1. சென்ற ஆண்டு நம் உறுப்பினர் எத்தனை பேர் வெளியில் கடன் வாங்கினர்? ஏன்?

2. சங்கக் கடன் விண்ணப்பம் முடிவாக எத்தனை நாளாகிறது? அதைக் குறைக்க வழி என்ன?

3. ஜாமீன் தர ஆளில்லாத உறுப்பினருக்கு நாம் என்ன ஏற்பாடு செய்யலாம்?