காந்தி தலை நாலு கோடிக்குப் போகுமாமே?

2017இல் ஒரு செய்தி வந்தது. 1948ஆம் ஆண்டின் பத்து ரூபாய் காந்தி தபால்தலை, நான்கு சேர்ந்தாற்போல் ஒட்டிய ஒரு பட்டை, லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் வழியாக 5 லட்சம் பவுண்டுக்கு விற்பனையானது. அன்றைய நம் கணக்கில் சுமார் 4 கோடி ரூபாய். அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் பந்திக்கு முன்னால் யாராவது என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்பது வழக்கமாகிவிட்டது. "எங்கப்பா ஆல்பத்துலயும் காந்தி இருக்கு சார். ஆன்லைன்ல ஏலம் விட்டா எவ்வளவு போகும்?"

அந்த நான்கு தலைகளிலும் ‘சர்வீஸ்’ என்ற சொல் மேலே அச்சடித்திருக்கும். கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்கென்று அடித்தவை, மொத்தமே 100. அப்பா ஆல்பத்தில் இருப்பதோ அநேகமாக அதே வரிசையின் ஒன்றரை அணா, இல்லாவிட்டால் பின்னால் வந்த பைசா காந்தி. சர்வீஸ் அச்சில்லாத பத்து ரூபாய்க்கும் நல்ல விலை உண்டுதான். அதனால்தான் அதற்குப் போலியும் அதிகம். அசல், சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அடித்தது. சில நூறு ரூபாய்க்குப் பளபளவென்று ஒன்று கிடைத்தால், விற்கிறவர் தர்மப்பிரபு என்று நினைத்துவிட வேண்டாம்.

"பழசு என்றால் விலை உண்டு"

உலகத்தின் முதல் ஒட்டும் தபால்தலை பென்னி பிளாக், 1840. இதைவிடப் பழசு கிடையாது. ஆனால் அடித்தது 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். இன்றும் ஏலத் தளங்களில் எந்த வாரமும் வரிசையாகக் கிடக்கிறது. அதற்கு ஓரத்தில் துளைப் பல் கிடையாது. 240 தலை கொண்ட தாளிலிருந்து கத்தரியால் வெட்டியெடுத்தார்கள். அஞ்சலகத்தில் இருந்தவர் நிதானமாக வெட்டி நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் விட்டிருந்தால் ஒரு விலை. அவசரத்தில் படத்துக்குள் கத்தரி போயிருந்தால், அதில் சிறு பங்குகூடத் தேறாது. வயது இரண்டுக்கும் ஒன்றுதான்.

"கேட்லாக்கில் போட்டிருக்கிறதே!"

கேட்லாக் விலை என்பது கடைக்காரர் நல்ல நிலையில் உள்ள தலையை விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை அல்ல. இன்னொன்று: கேட்லாக்கின் மிகக் குறைந்த விலையில் பெரும்பகுதி கடைக்காரரின் கூலிதான். எடுத்து, பார்த்து, உறையில் போட்டுக் கொடுக்கிற செலவு. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான தலைகளைக் கூட்டிப் பெருக்கி ஒரு லட்சம் என்று கணக்கு எழுதி வைத்திருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

நிஜ விலை வேண்டுமானால் ஏலத் தளத்தில் தேடும்போது ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள். கேட்கிற விலையை யாரும் கேட்கலாம். கொடுத்த விலை அங்கேதான் தெரியும்.

"பணக்காரன் ஒருத்தன் கண்ணில் பட்டால் போதும்"

போதாது. இரண்டு பேர் வேண்டும். ஈபே மாதிரித் தளங்களில் கேட்பவர் தன் உச்ச விலையை ரகசியமாகப் பதிந்துவைப்பார். ஒருவர் 50 டாலர் வரை போகத் தயார், அடுத்தவர் 18 வரைதான் என்று வையுங்கள். தலை பதினெட்டரை டாலருக்கு முடியும். மிச்சம் முப்பத்தொன்றரை டாலர் ஆசை, ஆசையாகவே அவர் மனசில் தங்கிவிடும். விலையைத் தீர்மானிப்பவர் தோற்றுப்போன அந்த இரண்டாமவர்தான். அவர் வரவேயில்லை என்றால் ஆரம்ப விலைக்கே தலை போய்விடும்.

ஆகவே ‘ஒரு டாலரில் தொடங்கினால் கூட்டம் வரும்’ என்ற யோசனை எல்லாத் தலைக்கும் செல்லாது. தேடுகிற ஆட்கள் இருக்கிற சரக்குக்குக் குறைவாகத் தொடங்கலாம். ஒரே ஒருவர் மட்டும் தேடும் விசித்திரமான சரக்குக்கு, மனசுக்குக் கட்டுப்படியாகிற விலையிலேயே தொடங்குவது நல்லது. ஆறு நாளாக யாரும் கேட்கவில்லையே என்று பாதியில் ஏலத்தை எடுத்துவிடாதீர்கள். பழகிய கைகள் கடைசிப் பத்து விநாடியில்தான் வரும்.

"முகத்தை ஸ்கேன் பண்ணிப் போட்டால் ஆயிற்று"

கல்யாணப் பேச்சுக்குக்கூட இந்தக் காலத்தில் அது போதாது. உபயோகிக்காத தலையை வாங்குபவர் முதலில் கேட்பது முதுகு. அச்சகப் பசை அப்படியே இருக்கிறதா, ஆல்பத்தில் மாட்டுவதற்கு ஒட்டிய ஹிஞ்ச் காகிதத்தின் தழும்பு உண்டா, பிற்பாடு யாராவது புதுப் பசை தடவினார்களா? புதுப் பசை தடவியிருந்தால் பல்லின் நுனியில் பசை இறங்கி விறைத்து நிற்கும். விரல் வைத்தாலே குத்தும். முதுகை மறைத்து விற்றால் பெட்டி திரும்பி வரும், கூடவே நட்சத்திரமும் குறையும்.

"சுத்தம் செய்தால் மதிப்புக் கூடும்"

இதில் நான் உபதேசம் செய்ய யோக்கியதை இல்லாதவன்.

பாட்டி வீடு நாகர்கோவிலில். 1956 வரை அந்த ஊர் திருவிதாங்கூர் பக்கம். அந்த சமஸ்தானத்துக்குச் சொந்தமாக ‘அஞ்சல்’ என்ற தபால் துறையே இருந்தது. 1888இலிருந்து சங்கு போட்ட தலைகள், விலை சக்கரத்தில். 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்தத் துறை 1951இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. பாட்டியின் தகரப் பெட்டியில் அந்தக் காலக் கடிதங்கள் ஒரு கட்டு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கவர்களை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, சங்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் பரப்பி உலர்த்தினேன். கூழாகிப்போன கவர்கள் தென்னந்தூருக்குப் போயின. பாட்டி திட்டவில்லை, பையன் படிக்கிறான் என்று நினைத்தாள்.

தனிச் சங்குத் தலைகளில் பெரும்பாலானவை சல்லிசாகக் கிடைப்பவை. சேகரிப்பவர்கள் துரத்துவது கவரைத்தான்: எந்த ஊர் அஞ்சல் ஆபீஸ், எந்தத் தேதி, எந்த வழி, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். நான் அன்று கழற்றிய சங்குகளில் ஒன்றைப் போன வருஷம் ஏலத்தில் போட்டேன். கேரளத்திலிருந்து ஒருவர் மரியாதையாகக் கேட்டு எழுதினார்: "முத்திரையில் ஊரும் தேதியும் தெரிகிறதா?"

லென்ஸை வைத்துப் பார்த்தேன். தலையின் மூலையில் ஒரு கால் வட்டம் இருக்கிறது. மீதி முக்கால் கவரில் விழுந்திருந்தது.