நோட்டில் ஏறாத பிள்ளை



ஒரு குழுக் கூட்டத்தில் நடந்த பேச்சு இது.

"அக்கா, என் மகனுக்குக் காது கேக்காது. பள்ளிக்கூடத்துல சேத்தா என்ன புரியப் போவுதுன்னு வீட்டுலயே வெச்சிருக்கேன்."

"ஏம்மா, நோட்டுல எழுதாத சேமிப்புக்குக் குழுவுல கணக்கு உண்டா?"

"இல்லக்கா."

"பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். பதிவேட்டுல பேர் இல்லாத பிள்ளைக்கு அரசாங்கம் எப்படிப் பணம் ஒதுக்கும்?"

அக்கா சொன்னது சரிதானா? பார்ப்போம்.

பணம் எப்படி வருகிறது?

2018-ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதன் செலவில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மாநில அரசுக்கு 40 பங்கு என வகுத்தார்கள். பள்ளி மானியத்தைத் தலை எண்ணித்தான் கணக்கிட்டார்கள். 31 முதல் 100 பிள்ளைகள் வரை 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை 50,000 ரூபாய். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை தனியாக வகுத்தார்கள். உபகரணம், புத்தகம், பயிற்சி எல்லாம் இதற்குள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. கடுமையான குறைபாடு இருந்தால் வீட்டிலேயே கற்கவும் 2012-ல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள்.

எது மாற வேண்டும்?

காது கேளாத பிள்ளைக்கும் நடக்க முடியாத பிள்ளைக்கும் தேவை ஒன்றா? தலைக்கு இவ்வளவு என்று அளந்தால் போதாது. தேவையைப் பார்த்து ஒதுக்க வேண்டும். இதைக் கேட்க நமக்கு இடம் உண்டு. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் 4-ல் 3 பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழு போடும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வைத்தே அரசு மானியம் தர வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. வீட்டில் இருக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, பக்கத்துப் பள்ளியில் பெயர் சேர்க்க வேண்டும்.
2. மருத்துவ முகாம், உபகரணம் பற்றி வட்டார வள மையத்தில் கேட்க வேண்டும்.
3. சாய்தளம், கழிப்பறை, சிறப்பாசிரியர் வரும் நாள் ஆகியவற்றைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து!

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: நம் ஊரில் நோட்டில் ஏறாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?