ஐந்து திர்ஹம் ஆடையும் இன்றைய மணப்பெண்ணும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது முன்னோர் வாக்கு. இன்றைய கலியாண வீடுகளைப் பார்த்தால் 'பெண் கால்வாசி, ஆடை முக்கால்வாசி' என்று அதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் குறிக்கப்பட்டதும் எழும் முதற் கேள்வி "பொம்பளை என்ன உடுக்கப் போறா?" என்பதுதான். மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றிய விசாரணை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். உடுப்பைப் பற்றிய பேச்சோ கலியாணம் முடிந்து ஒரு மாதம் ஆன பின்னும் முடியாது.

மார்க்கச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நிக்காஹ்வின் றுக்னுகள் ஐந்து: மணமகன், மணமகள், வலீ, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல் எனும் ஒப்பந்த வார்த்தை. இந்த ஐந்தில் ஆடை இல்லை. நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும்போது மணப்பெண் அந்தச் சபையிலேயே இருப்பதில்லை. அப்படியானால் அவளது உடை இவ்வளவு பெரிய விடயமானது எப்படி? அந்த உடையில் அடக்கத்தின் அளவுகோல் எது? இவ்விரு கேள்விகளையும் சக மாணவிகளோடும் பெற்றோரோடும் சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளை உடை வந்த வழி

எங்கள் மூத்தம்மாமார் சேலையும் முக்காடுமாக மணப்பெண்ணாய் இருந்தார்கள். இன்று பலர் விரும்புவது நிலத்தில் புரளும் வெள்ளைக் கவுன். அதை அரபு நாட்டு வழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து பரவியது. 1840 பெப்ரவரி 10ஆம் திகதி இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி இளவரசர் அல்பர்ட்டை மணந்தபோது வெள்ளை சாட்டின் உடையும் ஹொனிட்டன் லேஸும் அணிந்தார். அதன் பிறகே வெள்ளை மணவுடை நாகரிகமாகப் பரவியது. அதற்கு முன் அங்குள்ள சாதாரணப் பெண்கள் தம்மிடமுள்ள நல்ல உடையை, நிறம் எதுவானாலும், உடுத்து மணம் முடித்தார்கள். பின்னர் அதே உடையை விசேஷங்களுக்கும் உடுத்தார்கள்.

விக்டோரியா அந்த லேஸைத் தெரிவு செய்ததற்கு, கையால் லேஸ் பின்னும் உள்நாட்டுத் தொழிலாளருக்குக் கைகொடுப்பதும் ஒரு காரணம். அதை அவர் பிற்காலத்திலும் முக்கிய வைபவங்களில் அணிந்தார். ஒரு பேரரசி திரும்பத் திரும்ப உடுத்ததை நாம் ஒரே நாளோடு அலுமாரியில் பூட்டிவிடுகிறோம்.

வெள்ளை எல்லா நாட்டுக்கும் பொதுவான மணநிறமும் அல்ல. சீனாவிலும் வட இந்தியாவிலும் மணப்பெண்ணுக்குரிய நிறம் சிவப்பு. பலஸ்தீனக் கிராமத்துப் பெண்கள் தளர்வான நீண்ட 'தவ்ப்' உடையில் 'தத்ரீஸ்' எனும் ஊசிவேலை செய்து உடுத்தார்கள். ஊருக்கு ஊர் கோலம் மாறும். திருமணத்துக்கான உடையைப் பெண்ணே மாதக்கணக்கில் இருந்து தைப்பாள். இந்தக் கலையை 2021இல் யுனெஸ்கோ தனது கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கை முழுவதும் மூடிய, உடலை இறுக்காத உடையும் கண்ணைக் கவரும் அழகோடு இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

மூடினால் மட்டும் போதுமா?

ஸூரதுன் நூரின் 31ஆவது வசனம், விசுவாசியான பெண்கள் தம் முக்காட்டை மார்பின் மீது போட்டுக்கொள்ள வேண்டும் என்று கற்பிக்கிறது. ஆகவே மணப்பெண்ணின் உடையில் முதல் அளவுகோல் மறைப்பது. கலியாண நாள் என்பதற்காக இதற்கு விடுமுறை இல்லை.

ஆனால் அது முதல் அளவுகோல் மட்டுமே. 1981 ஜூலை 29ஆம் திகதி டயானா அணிந்த மணவுடையை எண்ணிப் பாருங்கள். கழுத்தில் சுருக்கு, உப்பிய கை, பாதம் வரை மூடிய உடை. அளவுநாடாவால் அளந்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பின்னால் இழுபட்ட துணியின் நீளம் 25 அடி! உடல் மறைந்தது, உலகத்தின் கண் முழுவதும் அந்த உடையிலேயே நின்றது.

பெருமைக்காகவும் பெயருக்காகவும் உடுக்கும் ஆடையை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூத், இப்னு மாஜா கிரந்தங்களில் உள்ளது. ஸூரதுல் புர்கானின் 67ஆவது வசனம், செலவில் வீண்விரயத்துக்கும் கருமித்தனத்துக்கும் நடுவே நிற்பதை நல்லடியாரின் பண்பாகச் சொல்கிறது. எனவே இரண்டாவது அளவுகோல், பெருமையையும் விரயத்தையும் தவிர்ப்பது. எங்கள் சமூகத்தில் முதல் அளவுகோலைப் பற்றிப் பயான்கள் நிறைய நடக்கின்றன. இரண்டாவதைப் பற்றிக் கேட்பது அரிது. கழுத்து கொஞ்சம் இறங்கிய சட்டையைக் கண்டால் மாமிமார் முகம் சுளிக்கிறார்கள். ஒரு நாள் வாடகைக்கு 85,000 ரூபாய் கொடுத்து எடுத்த கவுனைக் கண்டால் "மாஷா அல்லாஹ்" என்கிறார்கள்.

துணியைப் பற்றிச் சில வார்த்தைகள்

உடை தைக்கக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. எங்கள் வீட்டுக்கு அருகில் தையல் தைக்கும் ராத்தா சொல்லித் தந்தவற்றையும் நானே பார்த்தவற்றையும் இங்கே தருகிறேன்.

நெட் துணிக்குத் தோலின் நிறத்தில் லைனிங் வைத்தால், கை மூடியிருந்தாலும் தூரத்தில் வெறுங்கையாகவே தெரியும். அதே துணிக்கு உடையின் நிறத்தில் லைனிங் வைத்தால் அந்தக் குறை இல்லை. மெல்லிய ஜோர்ஜெட், சிஃபோன் துணிகள் அறை வெளிச்சத்தில் மூடியது போல் இருக்கும், பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் ஊடுருவித் தெரியும். ஆகவே ஜன்னலுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும். சாட்டின் மின்னும் துணி. அதை இறுக்கித் தைத்தால் ஒவ்வொரு மடிப்பும் படத்தில் எடுப்பாகத் தெரியும், தளர்வாகத் தைத்தால் அழகாக விழும். சேலைச் சட்டையைக் கொஞ்சம் நீளமாக வெட்டினால் இடுப்புத் தெரியாது. மணிக்கட்டு வரை கை வைக்க அரை மீற்றர் அளவு துணி கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். அடக்கமாக உடுப்பதற்கு அதிகம் செலவாகும் என்பது சரியான கணக்கல்ல. செலவைக் கூட்டுவது கல்லும் மணியும் நிலத்தில் இழுபடும் துணியும்தான்.

மதீனாவில் ஒரு மணவுடை

ஸஹீஹுல் புஹாரியில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்களின் காலத்துக்குப் பிறகு ஒருவர் ஆயிஷா (றழி) அவர்களைக் காண வருகிறார். அன்னையவர்கள் ஐந்து திர்ஹம் பெறுமதியான முரட்டுத் துணியாலான அங்கி ஒன்றை அணிந்திருக்கிறார்கள். தம் வீட்டுப் பணிப்பெண் இதை வீட்டுக்குள் உடுக்கவே விரும்புவதில்லை என்று சொல்லிவிட்டு, நபியவர்களின் காலத்தில் இதே போன்ற அங்கி ஒன்று தம்மிடம் இருந்ததையும், மதீனாவில் அலங்கரிக்கப்படும் பெண்கள் அதைத் தம்மிடம் இரவல் கேட்டு ஆள் அனுப்பியதையும் நினைவுகூர்கிறார்கள். இமாம் புஹாரி இந்தச் செய்தியை, மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குதல் பற்றிய தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள்.

இதில் மூன்று பாடங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, மணப்பெண்ணை அலங்கரிப்பது அந்தச் சமூகத்தில் இருந்தது. அழகை மார்க்கம் வெறுக்கவில்லை. இரண்டு, ஒரு தலைமுறைக்குள் நாகரிகம் மாறிவிட்டது. நேற்று மணப்பெண் ஆசைப்பட்டதை இன்று பணிப்பெண்ணும் வேண்டாம் என்கிறாள். அப்படியானால் இன்றைய 'புது மொடல்' எத்தனை நாளைக்கு? மூன்று, இரவல் உடையில் மணப்பெண்ணாவதை அந்த நகரத்தில் எவரும் இழிவாக எண்ணவில்லை.

எங்கள் வீட்டுக் கதை

இந்த மூன்றாவது பாடத்தை எழுதுவது எனக்கு எளிது, எங்கள் உம்மாவுக்கு எளிதல்ல. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்கு வயது 12. உடுத்த உடுப்போடு புத்தளம் வந்து சேர்ந்த குடும்பம் அது. கிடுகு வேய்ந்த முகாம் வீட்டில்தான் பெரியம்மாவின் கலியாணம் நடந்தது. புத்தளத்துக் குடும்பம் ஒன்று றோஸ் நிறச் சேலை ஒன்றை இரவலாகத் தந்தது. அந்த ஒரே சேலையில் அந்த வருடம் முகாமில் நான்கு பேர் மணப்பெண்ணாக இருந்தார்களாம்.

இவ்வருட இறுதியில் எங்கள் ராத்தாவுக்குக் கலியாணம். "என்ட பிள்ளைக்கு இரவல் வேணாம். அவ ராணி மாதிரி இருக்கோணும்" என்று உம்மா சொன்னபோது அதை ஆடம்பரம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் இழந்த ஒருவர் தன் மகளுக்காவது கொடுக்க நினைப்பது அது. அடக்கத்தைப் பற்றி மேடையில் பேசுவோர் இந்த மனதையும் கொஞ்சம் அறிந்து பேசினால் நல்லது.

அன்று பெரியம்மாவும் வீட்டில் இருந்தார். "எனக்கு அந்தச் சேலைதான் இன்னும் ஞாபகம். தந்த மனுசியின்ட முகமும் ஞாபகம். கடையில வாங்கியிருந்தா கடைக்காரன்ட முகம் ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டார். உம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் கவுன் வாடகைக் கடைக்குப் போகும் பேச்சு நின்றது. இப்போது ராத்தாவுக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்து, மணிக்கட்டு வரை கை வைத்த நீளச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பெருநாளைக்கும் உடுக்கலாம். நாளை கேட்டு வருபவருக்குக் கொடுக்கவும் செய்யலாம்.

ஆண்களுக்கும் உண்டு

ஸூரதுன் நூரில் பெண்களுக்கான 31ஆவது வசனத்துக்கு முன்னால் 30ஆவது வசனம் இருக்கிறது. பார்வையைத் தாழ்த்துமாறு அது முதலில் ஆண்களிடமே சொல்கிறது. மணப்பெண் எவ்வளவு ஒழுங்காக உடுத்திருந்தாலும், பெண்கள் பகுதிக்குள் வீடியோக்காரர் தாராளமாக நடமாடினால் குறை யாருடையது? பெண்களுக்கு மட்டும் என்று பிரித்த மண்டபத்தில் எடுத்த படம் அன்றிரவே வட்ஸ்அப்பில் ஊர் சுற்றினால், அந்தத் திரையால் என்ன பயன்? பெண்கள் மத்தியில் கொஞ்சம் கூடுதலாக அலங்கரித்திருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் அவள் இருக்கிறாள். படத்தை அனுப்பும் விரல் அந்த நம்பிக்கையைக் கெடுக்கிறது. மறைப்பது மணப்பெண்ணின் கடமை என்றால், மறைந்ததை மறைவாகவே விடுவது மற்ற எல்லோரினதும் கடமை.

நாம் செய்யக்கூடியவை

அன்புத் தோழிகளே, கலியாண வயதை நாமும் நெருங்குகிறோம். இப்போதே சில விடயங்களில் மனதை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு மேல் உடுக்கக்கூடிய உடையையே தெரிவோம். நமக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்று வாப்பாவிடம் நாமே வாய் திறந்து சொல்வோம். அவராகக் கேட்க மாட்டார். படம் எடுக்கப் பெண்களையே அமர்த்துவோம், விருந்தினரின் கைத்தொலைபேசிகளை வாசலில் வைக்கச் சொல்ல வெட்கப்படாதிருப்போம். மருதோண்டியும் பூவும் நல்ல நகையும் போட்டு அழகாக இருப்போம். அது நமக்கு ஆகுமானது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல் பெண்கள் குழுவோ பழைய மாணவிகளோ பொறுப்பேற்று, 'மணப்பெண் அலுமாரி' ஒன்றை அமைக்க முடியாதா? எத்தனையோ வீடுகளில் ஒரே ஒருநாள் உடுத்த நல்ல உடைகள் பூச்சிக்கு இரையாகின்றன. அவற்றைச் சுத்தம் செய்து, லைனிங் சரிபார்த்து, கை வைத்துத் தைத்து ஓரிடத்தில் வைத்தால் தேவைப்பட்டவர் பெயர் வெளிவராமல் எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒன்று: வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலில் அங்கு வந்து எடுக்க வேண்டும். ஏழைகள் மட்டும் எடுத்தால் அது தர்மமாகிவிடும், எல்லோரும் எடுத்தால் வழக்கமாகிவிடும். மதீனாவில் இருந்தது வழக்கம்.

நான்கு பெண்பிள்ளைகள் உள்ள ஒரு தையற்காரம்மாவும் ஊரில் ஒரு கலியாணத்துக்கு வந்து, மணப்பெண்ணைப் பார்த்து, "இதுபோல என்ட பிள்ளைக்கும் செய்யலாம்" என்று நிம்மதியாக வீடு திரும்ப வேண்டும். அந்த நிம்மதியைத் தரும் உடையே மணப்பெண்ணுக்கு அழகான உடை.