மதிவட்டமும் பனித்துகளும்

திருவண்ணாமலையில் பனிமழை பெய்வதில்லை. ஆயினும் நம் வானத்திலும் பனித்துகள்கள் உள. சிற்சில இரவுகளில் மதியைச் சூழ்ந்து தோன்றும் பெருவட்டமே அதற்குச் சான்று. மிக உயர்ந்த மென்முகில்களிலுள்ள அறுபட்டைத் துகள்கள் நிலவொளியைச் சுமார் 22 பாகை திருப்புதலால் அவ்வட்டம் உண்டாகின்றது.

ஆறு பட்டைகள் அமைவது ஏன்? பனித்துகளைக் கண்ட கெப்ளர் என்னும் வானநூல் வல்லுநரும் 1611-இல் இவ்வாறே வினவினார். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் கூடியது நீர்மூலக்கூறு. நீர் உறையுங்கால் ஒவ்வொரு மூலக்கூறும் அண்டையிலுள்ள நான்கினைப் பற்றிக்கொள்ள, அவை அவ்வாறு மூலக்கூறுகள் கொண்ட வளையங்களாய் அடுக்குறும். அவ்வடுக்கே துகளின் வடிவாகின்றது. மூலைகள் நீராவியினுள் நீண்டு நிற்பதால் விரைந்து வளர்ந்து கிளைக்கும். குளிரும் ஈரமும் மாறக் கிளையும் மாறும் என்பதை, 1936-இல் ஆய்வுக்கூடத்தில் பனித்துகளை வளர்த்த ஜப்பானிய அறிஞர் நக்காயா காட்டினார்.

தீபங்காண மலையுச்சியை நோக்கும் நாம், மதிவட்டங் காணும்போதும் சற்றே நின்று நோக்குவோமாக. கண்ணுக்கெட்டா மூலக்கூறுகளின் ஒழுங்கே ஆண்டு வானளாவ விரிந்துள்ளது.